இடத்தை மாற்றவே இல்லை, லிக்குவாலா இலை ஏன் கருகியது? (நிழல் பனைகளும் வெயிலும்)

வைகைக்கரை (மதுரை) – மே 6, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் தடவையாக எழுதுகிறேன்.

என்னிடம் லிக்குவாலா கிராண்டிஸ் என்கிற அலங்காரப் பனை ஒன்று இருக்கிறது. வட்ட இலை, சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக, ஓரம் மட்டும் பல் பல்லாக இருக்குமே, அதுதான். போன அக்டோபரில் வாங்கும்போது ஏழு இலை. நிழலில் வைக்கச் சொன்னார்கள். வீட்டின் வடக்குப் பக்கம், சுவரிலிருந்து நாலடி தள்ளித் தொட்டியில் வைத்தேன். எங்கள் வீட்டில் வெயிலே படாத இடம் அதுதான். மார்கழியில் அங்கே துணி கூடக் காயாது.

மார்ச் வரை அருமையாக இருந்தது. இரண்டு புது இலை விட்டது. ஏப்ரல் கடைசியில் மேல் இலை மூன்றும் பால் தெளித்தது போல வெளுத்தன. நாலு நாளில் வைக்கோல் நிறமாகிவிட்டன. இப்போது தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. கீழ் இலைகள் நல்ல பச்சையாகவே இருக்கின்றன.

தொட்டியை ஒரு அங்குலம் கூட நகர்த்தவில்லை. உரமும் மாற்றவில்லை. தண்ணீர் அக்டோபரிலிருந்தே அதே போர் தண்ணீர்தான். பக்கத்திலேயே ஒரு பிஸ்மார்க் பனைக் கன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க நோஞ்சானாக இருந்த அது, இந்த ஒரு மாதமாகத்தான் தெளிந்து வருகிறது. ஒரே இடம், ஒரே தண்ணீர். ஒன்று கருகுகிறது, ஒன்று தேறுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ந்த இலைகளை வெட்டிவிடலாமா?

---

கொங்கு விவசாயி (கோவை) – மே 6, காலை 9:15

வணக்கமுங்க. போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எங்கள் பக்கமும் இப்படித்தான் ஆகும். தொட்டி மேல்மண்ணில் வெள்ளைப் பூச்சு தெரிகிறதா பாருங்கள்.

வெயிலாக இருக்காது. என்னிடம் இருக்கும் லிக்குவாலா வாசலில், முழு வெயிலில் நாலு வருடமாக நிற்கிறது. ஓரம் கூடக் கருகியதில்லை. இதை நிழல் செடி என்று சொல்லிச் சொல்லியே எல்லாரும் இருட்டில் வைத்துச் சாகடிக்கிறார்கள்.

---

புதுச்செடி (சென்னை) – மே 6, காலை 10:02

பொட்டாசியம் குறைபாடாக இருக்குமோ? பனை வகைகளுக்கு அது அடிக்கடி வரும் என்று இங்கேதான் படித்தேன். அப்படியென்றால் பொட்டாஷ் கொடுத்தால் சரியாகிவிடும் அல்லவா?

---

குலசேகரம் தோட்டம் (கன்னியாகுமரி மாவட்டம்) – மே 6, பகல் 1:30

தங்கச்சி, இலைகளை வெட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பனை வகையில் ஒரு தண்டுக்குக் குருத்து ஒன்றே ஒன்றுதான். மற்ற செடி மாதிரி பக்கக் கிளை விட்டு ஈடு செய்ய அதற்கு வழியில்லை. லிக்குவாலா வருடத்துக்கு நாலைந்து இலை விட்டாலே பெரிய விஷயம். பாதி கருகிய இலையில் மீதிப் பாதி இன்னும் செடிக்குச் சாப்பாடு சமைத்துக்கொண்டுதான் இருக்கும்.

கொங்குத் தம்பிக்கும் புதுச்செடிக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. உப்புக் கருகல் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே நகரும். பொட்டாசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் அடியிலையில்தான் முதலில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி விழும். இங்கே நடந்திருப்பது நேர்மாறு. மேல் இலை போயிருக்கிறது, அடியிலை நன்றாக இருக்கிறது. மேல் இலை குடை பிடித்திருக்கிறது, கீழ் இலை அந்தக் குடைக்குள் தப்பித்திருக்கிறது. எனக்கு இது வெயில் மாதிரிதான் தெரிகிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். கருகிய இலை ஒன்றைக் கிட்டத்தில் வைத்து, மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று திசையோடு சொல்லுங்கள். அப்புறம், இன்று சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்து வரை அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

---

வைகைக்கரை – மே 6, இரவு 8:50

அண்ணாச்சி, பார்த்தேன். இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

இலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் மொத்தமும் காய்ந்தது போலத்தான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கோடு கோடாக இருக்கிறது! ஒவ்வொரு மடிப்புக்கும் தகரக் கூரை மாதிரி இரண்டு சரிவு உண்டல்லவா? மேற்கைப் பார்த்த சரிவு எல்லாம் வைக்கோல், கிழக்கைப் பார்த்த சரிவு எல்லாம் பச்சை. ஒன்று விட்டு ஒன்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல. ஒரு இலை இன்னொன்றின் மேல் படிந்திருந்த இடத்தில், மேல் இலையின் பல் ஓரம் அப்படியே பச்சையாக அச்சு விழுந்திருக்கிறது.

மூன்று மணிக்குப் போய் நின்றேன். வெயில் அடிக்கிறது! தொட்டி, தரை, வடக்குச் சுவர் எல்லாவற்றிலும் ஐந்து மணி தாண்டியும் அடித்தது. சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியவில்லை. இந்த இடத்தில் வெயில் வரும் என்று எனக்கு இத்தனை நாளும் தெரியவே தெரியாது. மாமியாரிடம் சொன்னேன். "ஓட்டு வீடா இருந்தப்ப மொட்டை மாடி ஏது? சித்திரையில வத்தல் வடகம் எல்லாம் அந்த வடக்கு வாசல்லதானே காயப் போட்டோம்" என்றார். இதை முன்னாலேயே கேட்டிருக்கலாம்.

---

குலசேகரம் தோட்டம் – மே 7, காலை 6:20

உங்கள் மாமியார் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. ஆனாலும் கணக்கை விரித்துச் சொல்கிறேன். நிழல் பனை வளர்க்கிற தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

வடக்குப் பக்கம் நிழல் என்பதை நாம் மார்கழியில் பார்த்துப் பழகியிருக்கிறோம். வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களும் அப்படித்தான் சொல்லும். அவர்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். நமக்கு அப்படியில்லை. மதுரை சுமார் 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 16 வாக்கில் நண்பகல் சூரியன் உங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும். பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கிற நிழலில்லா நாள் அதுதான். அப்புறம் சூரியன் வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். இடைப்பட்ட நாலு மாதத்துக்கும் மேலாக, சூரியன் வடகிழக்கில் உதித்து, நண்பகலிலும் வடக்கே நின்று, வடமேற்கில் அடையும். நாள் முழுக்க உங்கள் வடக்குச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வீடு மாடி வீடு, சுவர் 20 அடி என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்கே 13 அடிக்கு விழும். நாலடியில் இருந்த தொட்டி நிம்மதியாக உள்ளே இருந்திருக்கும். ஜூன் 21 நண்பகலில் நிழல் தெற்குப் பக்கம் விழும், அதுவும் ஐந்தடிக்குக் குறைவாக. மார்ச் நடுவிலேயே உச்சி வெயில் உங்கள் செடியை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் கடைசியில் மறைக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் தொட்டியை நகர்த்தவில்லை, நிழல்தான் நகர்ந்து போனது.

பிஸ்மார்க் தேறியதும் இதனால்தான். அது மடகாஸ்கரின் மேற்கில், காய்ந்த புல்வெளியில் நிற்கிற மரம். குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தது, இப்போது சாப்பாடு கிடைக்கிறது. லிக்குவாலா கிராண்டிஸ் வனுவாட்டு, சாலமன் தீவுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்வது. நிழலில் விரிந்த இலை மெல்லியது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கும்படி பச்சையத்தை நிறைத்து வைத்திருக்கும். அதன்மேல் திடீரென்று பல மடங்கு வெளிச்சம் விழுந்தால், பிடித்ததைச் செலவழிக்க வழி இல்லாமல் பச்சையமே சிதைந்துபோகும். முதலில் வெளுப்பது அதனால்தான். அப்புறம் திசு செத்துக் காயும். ஒரு தடவை நிழலில் விரிந்துவிட்ட இலை பின்னால் வெயில் இலையாக மாறிக்கொள்ளாது. புது வெளிச்சத்துக்குத் தகுந்தபடி அமையப்போவது இனிமேல் வருகிற குருத்துதான்.

இப்போதைக்கு 75 சதவீத வெயிலை மறைக்கிற பச்சை நிழல்வலையை மேற்கிலும் மேலேயும் கட்டுங்கள். தலைக்கு மேல் மட்டும் கட்டினால் போதாது, நாலு மணி வெயில் பக்கவாட்டில் நுழையும். தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

---

பாக்குத்தோப்பு (ஆத்தூர், சேலம்) – மே 7, காலை 8:05

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாக்கு போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பாக்கும் அலங்காரப் பனைகளுக்குப் பங்காளிதானே.

எங்களுக்குத் தொல்லை தென்மேற்கு வெயில். மழை ஓய்ந்து சூரியன் தெற்கே போகிற மாதங்களில், மத்தியானத்துக்கு மேல் மரத்தண்டில் ஒரே பக்கமாக வெயில் விழும். தண்டு முதலில் பொன்மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகி வெடிக்கும். பின்னால் காற்றடித்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். அதனால்தான் 2.7 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நடும்போது, வடக்கு தெற்கு வரிசையை நேராகப் போடாமல் 35 பாகை மேற்கே சாய்த்துப் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் ஒரு மரத்தின் நிழல் இன்னொன்றின் தண்டைக் காப்பாற்றும். ஓர வரிசை மரத்துக்குப் பாளையைச் சுற்றிக் கட்டுவோம். தெற்கிலும் மேற்கிலும் சீக்கிரம் வளர்கிற மரமாகப் பார்த்து நடுவோம்.

எங்களுக்குத் தென்மேற்கு, உங்களுக்கு வடமேற்கு. ஒரே சூரியன், மாதம்தான் வேறு. இளங்கன்றுக்கு வாழை நிழல் கொடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். ஆனால் மேற்கு வாழையைக் கடைசியில்தான் வெட்டுவோம், கிழக்கு வாழையை முதலில் எடுத்துவிடலாம். காலை வெயில் எந்தக் கன்றையும் கொன்று நான் பார்த்ததில்லை.

---

கொங்கு விவசாயி – மே 7, காலை 11:40

விளக்கம் தெளிவுங்க. ஆனால் என் செடி முழு வெயிலில் நிற்பது உண்மை. படம் போட்டிருக்கிறேன். மேற்கே ஒரு மறைப்பும் இல்லை. அதற்கென்ன சொல்கிறீர்கள்?

---

ஜோகூர்வாசி (மலேசியா) – மே 7, பகல் 2:10

கொங்கு அண்ணே, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான செடி, நன்றாகவும் வளர்த்திருக்கிறீர்கள். ஆனால் அது கிராண்டிஸ் இல்லை, லிக்குவாலா ஸ்பினோசா. இலை ஒரே வட்டமாக இல்லாமல் ஆப்பு ஆப்பாகப் பிரிந்திருக்கிறது. அடியிலிருந்து நாலைந்து தண்டாகக் குத்து விட்டிருக்கிறது. கிராண்டிஸ் ஒற்றைத் தண்டு. ஸ்பினோசா எங்கள் பக்கம் கடலோரக் காடுகளிலும் இருக்கும், உங்கள் அந்தமானிலும் உண்டு. அது வெயில் தாங்கும்.

ஒரே பேரினத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. சரவாக்கில் மப்பு என்று ஒரு லிக்குவாலா, இலையில் இளம்பச்சைக் கட்டம் கட்டமாக இருக்கும். அதை நான் 80 சதவீத வலைக்கு உள்ளே, சுவர் ஓரமாக வைத்திருக்கிறேன். இங்கே நல்ல ஈரக்காற்று இருந்தும் காலை ஒன்பது மணி வெயில் அரை மணி நேரம் பட்டதற்கே வெளுத்துவிட்டது. லிக்குவாலாவுக்கு எவ்வளவு நிழல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த லிக்குவாலா என்று கேட்க வேண்டும்.

---

கொங்கு விவசாயி – மே 7, மாலை 5:25

பார்த்தேனுங்க. இலை ஆப்பு ஆப்பாகப் பிரிந்தது, குத்து விட்டது, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. நாலு வருடமாகப் பேர் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நன்றி. தங்கச்சி, என் பேச்சைக் கேட்டு வெயிலில் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

பிஸ்மார்க் பற்றி நான் சொல்வதையாவது கேளுங்கள். அது நிழலில் இருக்கக் கூடாது. அதன் வெள்ளி நிறம் இலைமேல் இருக்கிற மெழுகுப் படலம். வெயில் குறைந்தால் மெழுகும் குறையும், காம்பு நீண்டு இலை தொங்கும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அந்த நிறமே வராது. சின்னக் கன்று செம்மண் சாயலில் இருக்கும், அது நோயில்லை. மொட்டை மாடிக்குக் கொண்டு போங்கள். ஆனால் வேரைக் கலைக்காதீர்கள். தொட்டி மாற்றினால் மண்கட்டி உடையாமல் மாற்றுங்கள். வேர் அறுந்த பிஸ்மார்க்கை நான் ஒன்றுகூடப் பிழைக்க வைத்ததில்லை.

---

புதுச்செடி – மே 7, இரவு 9:30

நிழல் என்றால் எவ்வளவு என்று எப்படி அளப்பது? என் வீடு மூன்றாம் மாடி. ஹாலில் ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி வைக்க ஒரு ஜோயி பனை வாங்கலாம் என்று இருக்கிறேன். காட்டின் அடித்தளத்தில் வளர்வதுதானே, அதற்கு ஹால் வெளிச்சம் போதுமல்லவா?

---

ஜோகூர்வாசி – மே 8, காலை 7:00

தம்பி, வாங்குவதற்கு முன்னால் கேட்டது நல்லது. ஹாலில் வைக்காதீர்கள்.

ஜோயி என்று நாம் சுருக்கிக் கூப்பிடுகிற யோஹானஸ்டைஸ்மானியாவை அது இருக்கிற இடத்திலேயே பார்த்திருக்கிறேன். இந்தோனேசியாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் இருந்த தைஸ்மான் என்ற டச்சுக்காரரின் பெயர் அது. மொத்தமே நாலு இனம்தான். ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் தரைக்கு மேல் தண்டே இருக்காது. மண்ணிலிருந்து நேரே ஆள் உயரத்தைத் தாண்டிச் சாய்சதுரமாக ஒற்றை இலைகள் எழும்பி நிற்கும். இங்குள்ள பழங்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் அந்த இலையால் கூரை வேய்வார்கள்.

காலை பதினொரு மணிக்கும் அங்கே மங்கல்தான். அடர்ந்த மழைக்காட்டில் வெட்டவெளி வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். ஆனால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்க்க வேண்டும். மேலே எங்கோ ஒரு கிளை விலகும், ஒரு தட்டு அகலத்துக்கு வெயில் விழும். அது இலைமேல் மெதுவாக நகர்ந்து சில நிமிடத்தில் அடுத்த இலைக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் வேறொரு பொட்டு வரும். இந்தச் செடிகள் அந்தப் பொட்டு வெயிலை நம்பித்தான் நாளின் பெரும்பங்கைச் சம்பாதிக்கின்றன. அதனால் அதை இருட்டில் வாழும் செடி என்று நினைக்காதீர்கள்.

உங்கள் ஹாலில் அந்தப் பொட்டு கிடையாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளி நண்பகலில் 1,00,000 லக்ஸ் வாக்கில் இருக்கும். 75 சதவீத வலைக்குள் அதில் 25,000. ஜன்னலிலிருந்து ஆறடியில் சில நூறுதான். செடி உடனே சாகாது, அதுதான் ஏமாற்றும். சேர்த்து வைத்ததைச் செலவழித்து ஒரு வருடம் அழகாகவே நிற்கும். அப்புறம் ஒவ்வொரு புது இலையும் முந்தியதை விடச் சின்னதாக வரும். போதாததற்கு, வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். நாம் வழக்கம் போல ஊற்றுவோம், வேர் அழுகிவிடும்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். வெயில் நன்றாக இருக்கிற நாளில் உச்சிப் பொழுதில் இலைக்கு ஒரு அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாகக் கறுப்பு நிழல் விழுந்தால் இந்தச் செடிகளுக்கு அதிகம். விளிம்பு கலங்கி, ஆனால் கை என்று தெரிகிற அளவுக்கு நிழல் இருந்தால் நல்லது. ஒன்றுமே விழவில்லை என்றால் குறைவு.

சென்னையில் பால்கனி கிழக்கே பார்த்திருந்தால், கிரிலில் வலை கட்டி ஒரு லிக்குவாலா முயன்று பாருங்கள். ஜோயிக்குச் சென்னைக் காற்று வறட்சியும் சேர்ந்துகொள்ளும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

---

பாக்குத்தோப்பு – மே 8, காலை 8:30

ஜோகூர் அண்ணா, சிவப்புத் தண்டுப் பனை பற்றியும் சொல்லுங்களேன். லிப்ஸ்டிக் பாம் என்று விற்கிறார்கள். இரண்டு தடவை வாங்கி இரண்டும் போய்விட்டது. ஒன்றை நிழலில் வைத்தேன், ஒன்றை வெயிலில்.

---

ஜோகூர்வாசி – மே 8, பகல் 12:15

நீங்கள் நிழலை மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அதன் சிக்கல் தண்ணீர். எங்கள் ஊரில் அதற்குப் பேர் பினாங் ராஜா. பினாங் என்றால் பாக்கு. ராஜ பாக்கு. அது சதுப்புக் காட்டு மரம். கரிமண் ஊறிய கறுப்புத் தண்ணீரில் கால் வைத்து, தலையை வெயிலில் நீட்டி நிற்கும். இங்கே சாலையோரத்தில் முழு வெயிலில் நடுகிறார்கள், தண்டு குங்குமம் மாதிரி சிவக்கும். நிழலில் வைத்தால் உயிரோடு இருக்கும், ஆனால் சிவப்பு மங்கிப் பச்சை படரும்.

உங்கள் ஊரில் முதல் இரண்டு வருடம் 50 சதவீத வலை, தொட்டிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கிற தட்டு. மற்ற பனைக்கு நான் இந்தத் தட்டைச் சொல்லவே மாட்டேன். அப்புறம் மெதுவாக வெயிலுக்கு. ஆத்தூரில் மார்கழிக் குளிர் இரவுகள் அதற்கு ஆகாது. குளிருக்கு இவ்வளவு அஞ்சுகிற பனை வேறு நான் கண்டதில்லை.

---

மகாவலி (கண்டி) – மே 8, இரவு 7:45

நான் கொஞ்சம் பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் இனத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பேராதனைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இரட்டைத் தேங்காய் மரங்களுக்குக் கீழே நிற்பேன். சீஷெல்ஸின் பிராலின் தீவில் அந்த மரம் பெரிய மரங்களின் ஓலைக்குக் கீழே முளைக்கிறது. இளங்கன்றுக்குத் தண்டே இல்லாமல் பல வருடம் போகும். அந்தக் காலத்தில் இலைக்காம்பை மட்டும் நீட்டி நீட்டி, இலையும் காம்புமாகப் பத்து மீற்றர் வரைக்கும் வெளிச்சத்தைத் தேடி மேலே அனுப்பும். வளர்ந்த மரம் முழு வெயிலில் நிற்கும். அதை நிழல் மரம் என்பதா, வெயில் மரம் என்பதா? சிறு வயதில் நிழல், பெரிய வயதில் வெயில். எங்கள் ஈரவலயத்துப் பாறைச் சரிவுகளில் மட்டும் இருக்கிற லொக்ஸோகொக்கஸும் கன்றில் நிழல்தான் கேட்கிறது. சிங்களத்தில் தொத்தலு என்பார்கள்.

கடையில் வாங்குகிற கன்றுக்குச் சீட்டில் 'முழு வெயில்' என்று போட்டிருந்தால், அது வளர்ந்த மரத்துக்கான சீட்டு. கன்றுக்கானது இல்லை. பிஸ்மார்க், லட்டானியா மாதிரி வெட்டவெளிப் பனைகள்தான் கன்றிலிருந்தே வெயில் கேட்பவை.

---

ஏற்காடு மூடுபனி – மே 9, காலை 6:50

மகாவலி அக்கா சொன்னதற்கு என் வீட்டில் உதாரணம் இருக்கிறது. நியூ கலிடோனியாவின் சாம்பெய்ரோனியா. புது இலை செக்கச் சிவப்பாக விரியுமே, அது. ஆறு வருடம் சில்வர் ஓக் மரத்தடியில் இருந்தது. போன வருடம்தான் தலை வெளியே வந்தது. அந்தச் சிவப்பு பத்து நாள்தான், அப்புறம் பச்சையாகிவிடும். அந்தப் பத்து நாளும் இலை வெற்றிலை மாதிரி மென்மையாக இருக்கும். அப்போது உச்சி வெயில் பட்டால் சிவப்பு அப்படியே பழுப்பாகிவிடும். ஒரு வாரம் மூடுபனி இருந்து எட்டாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தால் இன்னும் மோசம். குருத்து விரிகிற வாரத்தில் மட்டும் ஒரு பழைய வேட்டியை மேலே கட்டிவிடுகிறேன்.

குறிப்பாக ஒன்று கேட்க வேண்டும். நம் மலையிலேயே இருக்கிற வரைக்கமுகை யாராவது வளர்க்கிறீர்களா? அதற்கு நிழலா வெயிலா?

---

குலசேகரம் தோட்டம் – மே 9, பகல் 1:10

வரைக்கமுகு, பெண்டிங்கியா கொண்டபன்னா. பேரைச் சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. அகத்தியமலைப் பக்கம் செங்குத்துப் பாறை இடுக்கில் நிற்கிறதைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மெல்லிசான தண்டு, காற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். யானைக்குப் பிடித்த சாப்பாடு. யானை ஏற முடியாத பாறையில்தான் இன்று அதிகம் மிஞ்சியிருக்கிறது.

அதற்கு நிழல் கிடையாது. வெட்டவெளிப் பாறையில்தான் நிற்கிறது. ஆனால் அந்த வெயில் மேகத்துக்குள் வடிகட்டி வருகிற வெயில், பாறையில் கசிகிற தண்ணீர், மலைக் குளிர்ச்சி. மூன்றும் சேர்ந்தது. சமவெளியில் வைத்து வெயிலில் கருகியது என்பார்கள், நிழலுக்கு மாற்றுவார்கள், அங்கே அழுகும். தவறு வெளிச்சத்தில் இல்லை, சூட்டில் இருக்கிறது. ஏற்காட்டில் உங்களுக்கு வரலாம். ஆனால் காட்டிலிருந்து யாராவது எடுத்துக் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அரிதாகிப் போன மரம், அது இருக்கிற இடமும் காப்புக்காடு. தோட்டத்து மரத்தின் விதை கிடைத்தால் மட்டும் போடுங்கள்.

நிஜமான நிழல் பனை நம் மலையில் வேண்டுமென்றால் பினாங்கா டிக்சோனி இருக்கிறது. பாக்கு மரத்தின் சின்னத் தங்கை மாதிரி, குத்துக் குத்தாக, மழைக்காட்டின் அடியில். எங்கள் ரப்பர் தோட்டத்து நிழலில் அது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ரப்பர் தை, மாசியில் இலையை உதிர்க்கும். அந்த மூன்று நாலு வாரம் தோட்டமே வெளிச்சமாகிவிடும். முதல் வருடம் அதை யோசிக்காமல் இரண்டு கன்றைப் பறிகொடுத்தேன். இப்போது பொங்கல் கழிந்ததும் தென்னோலை வெட்டிக் கூடாரம் மாதிரி சாத்திவிடுகிறேன். மரநிழலை நம்புகிறவர்கள் அந்த மரம் எந்த மாதம் இலை கொட்டும் என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

---

வைகைக்கரை – ஜூன் 24, மாலை 6:15

எல்லாருக்கும் நன்றி. ஒன்றரை மாதம் கழித்து நிலவரம் சொல்கிறேன்.

வலை கட்டினேன். முதலில் மேலே மட்டும் கட்டிவிட்டு, அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்து மறுநாளே மேற்கிலும் இறக்கினேன். அதற்கப்புறம் புதிதாக ஒரு மடிப்பு கூட வெளுக்கவில்லை. கருகிய இலைகளை வெட்டவில்லை. பார்க்க நன்றாக இல்லை, வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கோடு கோடாக இருக்கும் பச்சையைக் காட்டி விளக்கம் சொல்கிறேன்.

போனில் லக்ஸ் செயலி இறக்கினேன். மாடியில் நண்பகல் 1,00,000-ஐத் தாண்டுகிறது. வலைக்குள் இலைமேல் 22,000. ஹாலில் டிவி பக்கத்தில் 180! எனக்கு ஹால் வெளிச்சமான ஹால் என்று பெருமை.

பிஸ்மார்க்கை இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு வராண்டாவில் வைத்து, அப்புறம் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். பழைய பச்சை இலை ஒன்றில் நுனி கருகியது. நேற்று விரிந்த இலையை விரலால் தடவினால் விபூதி மாதிரி ஒட்டுகிறது.

ஒரு சந்தேகம். சூரியன் ஆகஸ்ட் கடைசியில் தெற்கே திரும்பினால் வலையை எடுத்துவிடலாமா?

---

குலசேகரம் தோட்டம் – ஜூன் 24, இரவு 8:00

உடனே எடுக்காதீர்கள். உச்சியைத் தாண்டினாலும் உங்கள் சுவர் நிழல் நாலடிக்கு நீள அக்டோபர் ஆகிவிடும். மேற்கு வலை செப்டம்பர் முழுக்க இருக்கட்டும். வாரம் ஒரு தடவை, பன்னிரண்டேகால் மணிக்கு, சுவர் நிழல் முடிகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு வருடம் போட்டீர்களானால், எந்த மாதம் எந்தச் செடியை எங்கே வைப்பது என்று எங்களைக் கேட்க வேண்டியதே இருக்காது.

---

வைகைக்கரை – அக்டோபர் 11, பகல் 1:05

சாக்பீஸ் மழையில் அழிந்துவிட்டது. அதனால் பெயிண்ட் கோடு. செப்டம்பர் முதல் வாரத்தில் கோடு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. போன வாரம் தொட்டியின் விளிம்பைத் தொட்டது. இன்று தொட்டியைத் தாண்டி ஒரு சாண் போய்விட்டது. மேல் வலையைக் கழற்றினேன், மேற்கு வலை இன்னும் இருக்கிறது.

குருத்து போன மாதமே முழுதாக விரிந்துவிட்டது. மே மாதத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது இலை. பழைய இலைகளை விட ஒரு விரல் அகலம் சின்னது, ஆனால் தொட்டால் கனமாக இருக்கிறது. மடிப்பின் இரண்டு சரிவும் பச்சை. படம் கீழே.

---

கொங்கு விவசாயி – அக்டோபர் 11, பகல் 2:30

அருமைங்க. அந்த பெயிண்ட் கோட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எங்கள் வடக்குப் பக்கமும் ஒரு சுவர் இருக்கிறது, இந்த வாரமே தொடங்குகிறேன்.